பல்லைப் பிடுங்கினால் சர்க்கரை இறங்குமா?

ஒரு துண்டுப் பிரசுரத்தின் மீது விமர்சனம்

நூல்களுக்கு விமர்சனம் எழுதுகிறோம், திரைப்படங்களுக்கும் எழுதுகிறோம். ஒரே தாளில் அச்சாகி, பேருந்து நிலையத்தில் கைக்குக் கை மாறி, இரண்டே நாளில் வடை மடிக்கும் காகிதமாகிவிடும் துண்டுப் பிரசுரத்துக்கு எவரும் விமர்சனம் எழுதுவதில்லை. ஆனால் உடல்நலத்தைப் பற்றி நம் மக்களில் பலர் படிப்பது அந்தத் தாளை மட்டுமே. அப்படியிருக்க, அதை விமர்சிக்காமல் விடுவது முறையாகுமா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் வசிக்கும் என் பெரியம்மா, மகளைப் பார்க்க இராஜபாளையம் சென்றபோது, பழைய பேருந்து நிலையத்தில் ஒருவர் இத்தகைய தாள் ஒன்றைக் கையில் திணித்திருக்கிறார். பெரியம்மாவுக்கு வயது அறுபத்திரண்டு. பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. ஈற்றில் இரத்தம் கசிகிறது. இரண்டு பற்கள் ஆடுகின்றன. தாளைப் பத்திரமாக மடித்து, மறுநாள் என்னிடம் நீட்டினார்.

"ஏய்யா, நீ காலேஜுல பாடம் சொல்லிக் குடுக்கிறவன்தானே? பல்லு பூராத்தையும் எடுத்துட்டா சீனி இறங்கிருமாம்ல? மாத்திரைய நிறுத்திரலாமா?"

நான் இயற்பியல் ஆசிரியன், மருத்துவன் அல்லன். எனினும் "இது உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்பது எல்லா அறிவியலுக்கும் பொதுவான உரிமை. அந்த உரிமையில்தான் இந்த விமர்சனம்.

தாள் சொல்லும் செய்திகள் ஐந்து. ஈறு நோய் அழுக்கினால் வருகிறது. நோயுற்ற ஈறு, வாய்க்குள் உள்ளங்கை அளவுப் புண்ணுக்குச் சமம். அந்தப் புண்ணின் விஷம் மாரடைப்பையும் குறைப்பிரசவத்தையும் உண்டாக்கும். அதுவே நீரிழிவுக்கும் காரணம். ஆகவே கெட்ட பற்களை எல்லாம் எடுத்துவிட்டால் உடல் நலம் பெறும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தாள் சரியாகச் சொன்னது

முதற்செய்தி பெரும்பாலும் சரியே. பல்லும் ஈறும் சந்திக்கும் விளிம்பில் கிருமிகள் மெல்லிய படலமாகப் படிகின்றன. நாள்தோறும் துடைக்காவிட்டால் அப்படலம் உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை ஏற்றுக் காரையாக இறுகுகிறது. ஈறு சிவந்து வீங்குகிறது; பல் துலக்கும்போது இரத்தம் கசிகிறது. சிலருக்கு நோய் அத்துடன் நிற்கும். வேறு சிலருக்கு ஈறு பல்லைவிட்டு விலகிப் பை போன்ற இடுக்கு உண்டாகி, பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். இதைத்தான் நம் பெரியவர்கள் 'பயோரியா' என்று அழைத்தனர்.

இதற்கு நேரான சான்று உண்டு. 1965இல் டென்மார்க்கில் ஹெரால்டு லோ என்பவரும் அவர் குழுவினரும் ஓர் எளிய பரிசோதனையை வெளியிட்டனர். ஈறு நலமாக இருந்த பன்னிரண்டு பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். பத்து முதல் இருபத்தொரு நாட்களுக்குள் பன்னிரண்டு பேருக்குமே ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு காரணியை மாற்றினார்கள்; விளைவு வந்தது. காரணியைத் திருப்பி வைத்தார்கள், விளைவு மறைந்தது. ஆய்வுக்கூடத்தில் சுவிட்சைப் போட்டு அணைத்துப் பார்ப்பது போன்ற சோதனை இது. 'காரணம்' என்ற சொல்லைப் பயன்படுத்த இத்தகைய சான்று தேவை. தாளின் மற்றச் செய்திகளை இந்த அளவுகோலைக் கொண்டே அளப்போம்.

முதற்செய்தியிலும் ஒரு குறை உண்டு. அதே லோ 1970 முதல் 1985 வரை இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைத் தொடர்ந்து ஆராய்ந்தார். இலங்கை மலைத் தோட்டங்களில் பாடுபடுவோரில் மிகப் பெரும்பாலோர் நம் தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்றவர்களின் வழித்தோன்றல்கள். ஆய்வுக்கு உட்பட்டவர்களுக்குப் பல் தூரிகையும் இல்லை. பல் மருத்துவமும் இல்லை. எல்லோருடைய பல்லிலும் படலமும் காரையும் மிகுதி. ஆனால் விளைவு ஒன்றாக இல்லை. 8 விழுக்காட்டினருக்கு நோய் வேகமாக முற்றியது. 45 வயதுக்குள் இவர்கள் பற்கள் அனைத்தையும் இழந்தனர். 81 விழுக்காட்டினருக்கு மெதுவாக முற்றியது. அவர்கள் அந்த வயதில் சராசரியாக 7 பற்களை இழந்திருந்தனர். 11 விழுக்காட்டினருக்கோ ஈறு அழற்சியைத் தாண்டி நோய் முன்னேறவே இல்லை. அழுக்கு ஒன்றே, உடல்கள் வெவ்வேறு. கிருமி நெருப்பை மூட்டுகிறது; எவ்வளவு எரியும் என்பதை உடலின் எதிர்வினையும் தீர்மானிக்கிறது. "பல் போனது உன் அசுத்தத்தால்தான்" என்று எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத் தாளுக்கு உரிமை இல்லை.

உள்ளங்கைக் கணக்கு

இரண்டாம் செய்தியை நூலும் அளவுகோலும் கொண்டே சோதிக்கலாம். எங்கள் வீட்டில் விழுந்த கடைவாய்ப் பல் ஒன்றின் கழுத்தில் நூலைச் சுற்றி அளந்தேன்: 29 மில்லிமீட்டர். முன்பற்கள் மிகச் சிறியவை. எனவே சராசரிச் சுற்றளவு 22 மி.மீ. என்று கொள்வோம். ஞானப் பற்கள் நீங்கலாகப் பற்கள் 28. ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் 5 மி.மீ. ஆழத்துக்குப் பை விழுந்திருப்பதாகக் கொள்வோம். இதுவே கடுமையான நோய். பரப்பு 28 × 22 × 5 = 3080 சதுர மில்லிமீட்டர். அதாவது ஏறத்தாழ 31 சதுர சென்டிமீட்டர்.

விரல்களை விட்டுவிட்டால் உள்ளங்கை 8 செ.மீ. அகலம், 9 செ.மீ. நீளம், 72 சதுர சென்டிமீட்டர். இந்தப் பரப்பு வர வேண்டுமானால் எல்லாப் பற்களைச் சுற்றியும் பை ஏறக்குறைய 12 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும். பெரும்பாலான பற்களின் வேரே 12 முதல் 14 மி.மீ. நீளம்தான்! அந்த நிலையில் பற்கள் வாயில் இரா, தரையில் இருக்கும்.

2001இல் வெளியான ஓர் அளவீடு, ஈறு நோய் உள்ளவர்களுக்குப் பல்லை ஒட்டிய ஈற்றுத் தோலின் பரப்பு வழக்கமாக 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் என்று கணக்கிட்டது. இது சிறிய அளவா? அன்று. காலில் 8 சதுர சென்டிமீட்டர் அளவில் ஆறாத புண் இருந்தால் நாம் மாதக்கணக்கில் சும்மா இருப்போமா? உண்மையான எண்ணே போதுமான அளவு எச்சரிக்கிறது. அதை நான்கு மடங்காக்க வேண்டிய அவசியம் என்ன?

பால்கோவாவும் சங்கிலித் திருட்டும்

மூன்றாம் செய்தியே தாளின் உயிர்நாடி. கொட்டை எழுத்தில் அச்சிடப்பட்டதும் அதுதான்.

ஈறு நோய்க்கும் மாரடைப்புக்கும் தொடர்பு காணப்படுவது உண்மை. 1989இல் பின்லாந்தில் மாரடைப்பு ஏற்பட்ட 100 பேரையும், அதே சமூகத்திலிருந்து எடுத்த வேறு 102 பேரையும் ஒப்பிட்டார்கள். முதல் கூட்டத்தாரின் பல் நலம் மோசமாக இருந்தது. பின்னர் வந்த பல ஆய்வுகளும் இத்தகைய தொடர்பைக் கண்டன.

ஆனால் தொடர்பு வேறு; காரணம் வேறு. நமக்குத் தெரிந்த ஊரிலிருந்தே ஓர் உதாரணம் கற்பனை செய்வோம். ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா விற்பனை கூடுகிறது. அன்றைக்கே சங்கிலித் திருட்டுப் புகார்களும் கூடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பால்கோவா தின்றவன் திருடனாகிறான் என்று எவராவது முடிவு கட்டுவாரா? இரண்டையும் கூட்டியது மூன்றாவது ஒன்று: திருவிழாக் கூட்டம்.

ஈறு நோயிலும் மாரடைப்பிலும் அந்தக் 'கூட்டம்' எது? முதலில் புகையிலை. பீடியும் சிகரெட்டும் ஈற்றையும் கெடுக்கின்றன. இதய நாளங்களையும் கெடுக்கின்றன. அடுத்தது நீரிழிவு, அதுவும் இரண்டையும் கெடுக்கிறது. வறுமை, முதுமை ஆகியவையும் இவ்வரிசையில் உண்டு. இவற்றைக் கணக்கில் கழித்த பின்னரும் சிறிதளவு தொடர்பு எஞ்சுகிறது என்பது உண்மையே. அதற்குப் பொருந்தக்கூடிய வழிமுறைகளும் சொல்லப்படுகின்றன. மெல்லும்போதும் துலக்கும்போதும் வாய்க்கிருமிகள் சிறிது நேரம் இரத்தத்தில் கலக்கின்றன. நாட்பட்ட அழற்சி உடலெங்கும் எதிரொலிக்கிறது. எனினும் அமெரிக்க இதயக் கழகம் 2012இல் சான்றுகளை எல்லாம் சீர்தூக்கிப் பார்த்து, தொடர்பு உண்டு, ஆனால் ஈறு நோயே இதய நோயை உண்டாக்குகிறது என்றோ, ஈற்றுக்கு வைத்தியம் செய்தால் இதய நோய் தடுக்கப்படும் என்றோ காட்டச் சான்று இல்லை என்று அறிவித்தது.

இதில் ஒரு விதிவிலக்கை மறக்கலாகாது. இதய வால்வு பழுதுபட்டவர்களுக்கும் செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்களுக்கும் வாய்க்கிருமிகள் வால்விலே குடியேறிக் கடும் நோயை உண்டாக்கலாம். அவர்கள் பல் வைத்தியரிடம் முதலிலேயே இதைச் சொல்ல வேண்டும். மாரடைப்பைக் கொட்டை எழுத்தில் போட்ட தாள், உறுதியாகத் தெரிந்த இந்த ஆபத்தைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை!

மீண்டும் தேரோட்டத்துக்கு வருவோம். பால்கோவாதான் திருட்டுக்குக் காரணமா என்று அறிய வழி உண்டு. ஓராண்டு கடைகளை மூடிப் பார்த்தால் திருட்டுக் குறைகிறதா? குறைப்பிரசவ விஷயத்தில் இத்தகைய சோதனையைச் செய்தே பார்த்துவிட்டார்கள். ஈறு நோயுள்ள கர்ப்பிணிகளை அமெரிக்காவில் சீட்டுக் குலுக்கியது போல இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குக் கர்ப்ப காலத்திலேயே ஈறு வைத்தியம். மற்றதற்குப் பிரசவத்துக்குப் பின். முடிவு 2006இல் வெளியாயிற்று. வைத்தியம் பெற்ற 407 பேரில் 49 பேருக்குக் குறைப்பிரசவம். பெறாத 405 பேரில் 52 பேருக்கு. அதாவது 12.0 விழுக்காடும் 12.8 விழுக்காடும். வேறுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும். ஈறு நலமடைந்தது, தாய்க்கும் சேய்க்கும் தீங்கில்லை, ஆனால் குறைப்பிரசவம் குறையவில்லை. கர்ப்பிணி தன் ஈற்றுக்காக வைத்தியம் செய்துகொள்ளட்டும். குழந்தை முந்திப் பிறந்த தாயிடம் "உன் பல்லால்தான்" என்று பழி சுமத்தும் உரிமை தாளுக்குக் கிடையாது.

சர்க்கரை: பாதி உண்மை

நான்காம் செய்தியில் தாள் உண்மைக்கு மிக அருகில் வந்து தவறிப்போகிறது. நீரிழிவு ஈறு நோயை வளர்க்கிறது என்பதில் ஐயமில்லை. 1993இல் லோ ஈறு நோயை நீரிழிவின் ஆறாவது சிக்கல் என்றே குறிப்பிட்டார். எதிர்த்திசையிலும் பாதை உண்டு. ஈற்றின் அழற்சியிலிருந்து புறப்படும் பொருள்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கக்கூடும்.

இங்கே சோதனை முடிவுகள் கலந்தே வந்தன. 2013இல் வெளியான, 514 பேரைக் கொண்ட ஓர் அமெரிக்க ஆய்வில் ஈறு வைத்தியத்தால் சர்க்கரை இறங்கவில்லை. 2018இல் இங்கிலாந்து ஆய்வு ஒன்றில் தீவிர வைத்தியத்தால் இறங்கியது. 2022இல் 35 ஆய்வுகளையும் 3249 நோயாளிகளையும் ஒன்றுதிரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பீடு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி அளவு, வைத்தியத்துக்குப் பின் மூன்று நான்கு மாதங்களில் 0.43 புள்ளியும், ஆறு மாதங்களில் 0.30 புள்ளியும், ஓராண்டில் 0.50 புள்ளியும் குறைந்ததாகக் கண்டது.

இதன் பொருள் என்ன? 9 என்றிருந்த அளவு 8.5 அல்லது 8.7 ஆகலாம். இது நல்ல உதவி. ஆனால் மாத்திரைக்கு மாற்றன்று. ஈறு வைத்தியம் வண்டியைத் தள்ளிவிடும் கூடுதல் கை; மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும் நடையும்தான் மாடுகள். கை கிடைத்ததென்று மாட்டை அவிழ்த்துவிட்டால் வண்டி நகருமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த ஆய்வுகளில் நடந்தது காரையைச் சுரண்டி, வேரைச் சுத்தம் செய்த வைத்தியம். பற்களை எல்லாம் பிடுங்கியதன்று.

எல்லாப் பல்லையும் பிடுங்கிய காலம்

ஐந்தாம் செய்தி புதியதன்று. நூறாண்டுப் பழைய தவறு. 1910இல் வில்லியம் ஹண்டர் என்ற ஆங்கில மருத்துவர், கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஆற்றிய உரையில், வாயிலுள்ள சீழே உடலின் பல நோய்களுக்கு மூலம் என்று முழங்கினார். அதில் உண்மையின் துளி இருந்தது. ஆனால் அந்தத் துளியைக் கடலாக்கிவிட்டனர். மூட்டுவலியா? பல்லை எடு. வயிற்று நோயா? பல்லை எடு. அமெரிக்காவில் டிரென்டன் நகர மனநோய் மருத்துவமனையின் தலைவராயிருந்த ஹென்றி காட்டன், பித்துக்கும் பல்லே காரணமென்று நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். பின்னர் குடல் வரைக்கும் வெட்டினார். அறுவையினால் மாண்டோர் பலர். பற்களை இழந்தும் பித்துத் தெளியாதோர் பலர்.

1938இல் சீசில், ஆஞ்சவைன் என்ற இரு மருத்துவர்கள் 200 மூட்டுவாத நோயாளிகளின் வரலாற்றை ஆராய்ந்து, பல்லையும் தொண்டைச் சதையையும் அகற்றியதால் நோய் தீரவில்லை என்று எடுத்துக்காட்டினர். கொள்கை சரிந்தது. பிடுங்கிய பற்கள் திரும்பவில்லை. தொடர்பைக் காரணமென்று அவசரப்பட்டு நம்பியதற்கு ஒரு தலைமுறை கொடுத்த விலை அது.

பெரியம்மா அந்தத் தாளின்படி நடந்திருந்தால் என்னவாகியிருக்கும்? பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல் மட்டுமா போகிறது? நிலக்கடலை போகும், கேப்பை ரொட்டி போகும், அவரைக்காயும் கீரைத்தண்டும் கொய்யாக்காயும் போகும். எஞ்சுவது குழைந்த சோறு, கஞ்சி, காப்பியில் நனைத்த ரொட்டி. பல்லே இல்லாதவர்களும் சுவைக்கக்கூடியதாக எங்கள் ஊரில் பால்கோவா வேறு இருக்கிறது! நார்ச்சத்து குறைந்து மாவும் இனிப்பும் மிகுந்த அந்த உணவு சர்க்கரையை ஏற்றுமா, இறக்குமா? சர்க்கரையை இறக்கப் பிடுங்கிய பல்லே சர்க்கரையை ஏற்றும் வழியைத் திறந்துவிடும். காப்பாற்ற வழியே இல்லாத பல்லை எடுக்கத்தான் வேண்டும். அதை வாயைச் சோதித்த மருத்துவர் சொல்ல வேண்டும். பேருந்து நிலையத்துத் தாள் சொல்லக்கூடாது.

தாள் சொல்லாமல் விட்டது

ஒரு பிரசுரத்தை, அது சொன்னதைக் கொண்டு மட்டுமன்றிச் சொல்லாததைக் கொண்டும் மதிப்பிட வேண்டும். இந்தத் தாளில் 'புகையிலை' என்ற சொல்லே இல்லை. புகைப்பதும் வெற்றிலையோடு அடக்குவதும் ஈற்றுக்கும் வாய்க்கும் பகை என்று சொல்லியிருந்தால், அந்த ஒரு வரி மற்ற ஐந்து செய்திகளையும்விடப் பயன்பட்டிருக்கும்.

காரையை எடுத்தால் பல் ஆடும் என்ற அச்சம் நம் பக்கத்தில் வேரூன்றியிருக்கிறது. அதையும் தாள் தொடவில்லை. சுவரின் அஸ்திவாரம் அரிக்கப்பட்ட பின் முட்டுக் கொடுத்த கல்லைப் போலக் காரை பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கல்லை அகற்றியதும் சுவர் ஆடுவது தெரிகிறது. ஆட்டம் கல்லை எடுத்ததால் வந்ததன்று. அஸ்திவாரத்தை மேலும் அரிக்கவிடாமல் தடுக்க, அந்தக் கல்லை எடுத்தே ஆகவேண்டும்.

பயமுறுத்தினால்தான் மக்கள் கேட்பார்கள் என்று சிலர் வாதிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. மாரடைப்பென்று பயந்து பல் துலக்கியவர், பல் சுத்தமாக இருந்தும் மாரடைப்பு வந்த அண்டை வீட்டாரைக் கண்டதும் தூரிகையையும் தூக்கி எறிவார். மருத்துவத்தின் மற்ற மெய்களையும் சேர்த்து எறிவார். ஈறு தன்னளவிலேயே காப்பாற்றத்தக்க உறுப்பு. நன்றாக மெல்லவும், தெளிவாகப் பேசவும், வாய் நாறாமல் நாலுபேர் நடுவே சிரிக்கவும் அது தேவை. இதயத்தைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை.

அந்தத் தாளை நான் திருத்தி எழுதினால் இப்படி எழுதுவேன். ஈற்றில் இரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்தாதீர்கள். மென்மையான தூரிகையால் நாளுக்கு இருமுறை ஈற்று விளிம்பு வரை துலக்குங்கள். பல்லிடுக்கையும் சுத்தம் செய்யுங்கள். பல் மருத்துவரிடம் காட்டிக் காரையை எடுத்துவிடுங்கள். புகையிலையை விடுங்கள். நீரிழிவு இருந்தால் பல் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். ஈற்றில் இரத்தம் வந்தால் சர்க்கரை மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இவ்வளவும் அரைத் தாளுக்குள் அடங்கும்.

பெரியம்மாவை அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன். காரையை எடுத்தார்கள். ஆடிய இரண்டில் ஒன்றை எடுக்க நேர்ந்தது, மற்றது நிற்கிறது. இரத்தக் கசிவு நின்றிருக்கிறது. சர்க்கரை சற்று இறங்கியது. ஆனால் அதே மாதத்தில் மருத்துவர் மாத்திரையையும் மாற்றியிருந்தார். எனவே இறங்கியது எதனால் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே சமயத்தில் இரண்டு காரணிகளை மாற்றிவிட்ட சோதனையிலிருந்து முடிவு எடுக்கலாகாது என்று மாணவர்களுக்குக் கற்பிப்பவன், பெரியம்மாவுக்காக அந்த விதியைத் தளர்த்த முடியுமா?